ஸ்டீயரிங்கை இன்னும் திருப்பினால் கார் ஏன் திரும்புவதில்லை?

ஆட்டோகிராஸ் ஓட்ட முதன்முறை வருகிறவர்களின் கைகளைக் கவனியுங்கள். வளைவில் கார் எதிர்பார்த்த அளவு திரும்பவில்லை என்றதும் ஸ்டீயரிங்கை மேலும் திருப்புவார்கள். கார் அசைந்து கொடுக்காது. இன்னும் திருப்புவார்கள். அதற்குள் ஆரஞ்சு நிறக் கூம்பு ஒன்று பம்பருக்கு அடியில் போயிருக்கும்.

அமெரிக்காவில் இந்த விளையாட்டுக்குப் பெரிய வாகன நிறுத்துமிடமோ பழைய விமான ஓடுதளமோ போதும். பிளாஸ்டிக் கூம்புகளை அடுக்கி, நெளிந்து செல்லும் ஒரு பாதை அமைப்பார்கள். கார்கள் இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகக் கிளம்பும், போட்டி கடிகாரத்தோடுதான். ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா 1973 முதல் இதில் தேசியப் போட்டி நடத்துகிறது. அதன் விதிப்படி, சாய்க்கும் ஒவ்வொரு கூம்புக்கும் 2 விநாடி கூடும். ஒரு ஓட்டம் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதால் அது கடுமையான தண்டனைதான். பெரும்பாலும் இரண்டாம் கியரிலேயே ஓட்டம் முடிந்துவிடும். தினமும் அலுவலகம் போகும் காரே போதும்; ஹெல்மெட் மட்டும் கட்டாயம்.

கார் ஏன் திரும்ப மறுக்கிறது? டயர் தரையைத் தொடும் இடம் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அகலம்தான். திரும்பும்போது அந்த இடத்திலுள்ள ரப்பர் லேசாக முறுக்கிக்கொள்கிறது. அதனால் டயர் பார்க்கும் திசையும் அது உண்மையில் நகரும் திசையும் ஒன்றாக இருப்பதில்லை. இவ்விரண்டுக்கும் இடையிலான சறுக்குக் கோணம்தான் காரைப் பக்கவாட்டில் இழுக்கும் விசையைத் தருகிறது. கோணம் கூடக் கூட விசையும் கூடும். ஆனால் சாதாரணச் சாலை டயர்களில் சுமார் 6 முதல் 10 டிகிரிக்குள் அது உச்சத்தைத் தொட்டுவிடும். அதையும் தாண்டித் திருப்பினால் ரப்பர் தரையைப் பற்றாமல் வழுக்குகிறது, விசை குறைகிறது. ஆகவே முன்சக்கரம் வழுக்கும்போது ஸ்டீயரிங்கைச் சற்றுத் தளர்த்தி, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்தால் பிடிமானம் திரும்பி வரும். கூம்பு நெருங்கி வரும் நேரத்தில் ஸ்டீயரிங்கைத் தளர்த்த மனம் எளிதில் ஒப்பாது. பழக்கம்தான் வழி.

இந்த நிலைக்கே வராமல் தப்புவது இன்னும் நல்லது. 15 மீட்டர் ஆரமுள்ள வளைவை எடுத்துக்கொள்வோம். டயரின் உராய்வுக் குணகம் (தரையைப் பற்றும் திறனின் அளவு) 1 என்றால், அங்கே தாங்கும் வேகம் மணிக்குச் சுமார் 44 கிலோமீட்டர். 50-ல் நுழைந்தால் கூடுதல் வெறும் 6 கிலோமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் தேவைப்படும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது; எனவே ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதல் பிடிமானம் வேண்டும். அது டயரிடம் கிடையாது. அதே வளைவில் வெளியோரமாக நுழைந்து, உள்ளோரத்தைத் தொட்டு, மீண்டும் வெளியோரமாக வந்தால் ஆரம் 18 மீட்டராகலாம். அப்போது 48 கிலோமீட்டர் வேகமும் தாங்கும். காசு செலவில்லாமல் கிடைக்கும் வேகம் இது. விலையுயர்ந்த சஸ்பென்ஷன் வாங்கத் துடிப்பவர்கள் முதலில் இதைச் சம்பாதித்துக்கொள்ளட்டும்.

பிரேக் பிடிப்பதும் திரும்புவதும் அதே ரப்பரைத்தான் பங்கு கேட்கின்றன. இரண்டு விசைகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை என்பதால் இங்கே பிதாகரஸ் தேற்றம் வேலை செய்கிறது. பிடிமானத்தில் 80 சதவீதத்தைப் பிரேக்குக்குக் கொடுத்தாலும் திரும்புவதற்கு 60 சதவீதம் மிஞ்சும். முழுவதையும் பிரேக்குக்கே கொடுத்துவிட்டால் மிஞ்சுவது பூஜ்யம். ஏபிஎஸ் என்னும் பிரேக் அமைப்பு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும்; புதிய பிடிமானத்தை உண்டாக்கித் தராது. புதியவர்கள் நேர்ப்பாதையிலேயே அழுத்தமாகப் பிரேக் பிடித்து முடித்துவிட்டு, அதன் பிறகு திரும்புவதே நல்லது. பிரேக்கைப் படிப்படியாகத் தளர்த்தியபடியே வளைவுக்குள் போகும் வித்தையைப் பிறகு கற்றுக்கொள்ளலாம்.

எடை இடம் மாறுவதையும் கணக்கில் எடுக்க வேண்டும். 1,200 கிலோ எடை, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் 2.5 மீட்டர் இடைவெளி, அரை மீட்டர் உயரத்தில் ஈர்ப்பு மையம் கொண்ட ஒரு காரை வைத்துக்கொள்ளுங்கள். அது புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.8 பங்கு அளவுக்குப் பிரேக் பிடிக்கும்போது, பின்சக்கரங்களிலிருந்து சுமார் 190 கிலோ பாரம் முன்சக்கரங்களுக்குப் போய்விடும். பின்புறம் லேசாகிவிடுகிறது. வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டாலும், சிறிய அளவில் இதேதான் நடக்கிறது. சில கார்கள் பின்புறத்தைச் சுழற்றி, வந்த திசையையே பார்த்து நிற்பது இதனால்தான். காலின் அசைவு எப்போதும் மென்மையாக இருக்கட்டும்.

கூம்புகளுக்கு இடையே இடமும் வலமுமாகப் புகுந்து போகும் ஸ்லாலம் பகுதியில் புதியவர்கள் அதிகம் திணறுவார்கள். மணிக்கு 50 கிலோமீட்டரில் கார் விநாடிக்குச் சுமார் 14 மீட்டர் கடக்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முதலில் முன் டயர்களில் விசை உருவாகி, கார் சுழலத் தொடங்கி, பிறகே பின் டயர்கள் தங்கள் பங்கைத் தரும். இந்தத் தாமதத்தையும் கண், கை இவற்றின் தாமதத்தையும் சேர்த்தால், பக்கத்துக் கூம்பைப் பார்த்துத் திருப்புபவர் ஏற்கெனவே பிந்திவிட்டார். பார்வை இரண்டு கூம்புகளுக்கு அப்பால் இருக்க வேண்டும். கூம்பை எட்டும் முன்பே அடுத்த பக்கத்துக்குத் திருப்பத் தொடங்குங்கள். முதல் கூம்பில் தாமதித்தால் அந்தப் பிழை ஒவ்வொரு கூம்பிலும் வளர்ந்து, கடைசியில் பிரேக் பிடித்தே ஆக வேண்டியிருக்கும்.

ஓட்டத்துக்கு முன் பாதையை நடந்து பார்க்க நேரம் தருவார்கள். இரண்டு முறையாவது நடந்துவிடுங்கள். காரிலிருந்து பார்க்கும்போது அது வெறும் ஆரஞ்சுப் புள்ளிகளின் கூட்டமாகத்தான் தெரியும். தண்ணீர் பாட்டில், பை, காலடி விரிப்பு எல்லாவற்றையும் காரிலிருந்து எடுத்துவிடுங்கள். பெடலுக்கு அடியில் உருளும் பாட்டில் ஆபத்தானது. டயரின் தோள்பட்டையில், அதாவது தரையைத் தொடும் பகுதி பக்கச்சுவரோடு சேரும் விளிம்பில், சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு ஓட்டுங்கள். கோடு பக்கச்சுவர் வரை அழிந்திருந்தால் டயர் அதிகம் மடங்குகிறது, காற்றைச் சிறிது கூட்ட வேண்டும். கோடு பெரும்பாலும் அப்படியே இருந்தால் குறைக்கலாம்.

உங்கள் முறை முடிந்ததும் பெரும்பாலும் களத்தில் நின்று, விழுந்த கூம்புகளை நிமிர்த்தும் வேலையும் உங்களுக்கு வரும். அலுத்துக்கொள்ளாதீர்கள், இலவச வகுப்பு அது. அனுபவசாலிகளின் கார் வரும்போது பின்புறச் சிவப்பு விளக்கைப் பாருங்கள்: எங்கே எரிகிறது, எங்கே அணைகிறது என்று. பிறகு அதே இடத்தில் புதியவர்களின் விளக்கு அணைவதைப் பாருங்கள். பெரும்பாலும் பல மீட்டர் தள்ளித்தான் அணையும்.