கேட்டில் நிற்பவருக்கு 160 மணி நேரப் பயிற்சி உண்டு

எங்கள் குடியிருப்பின் கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி அண்ணனிடம், “வேலைக்குச் சேரும்போது எத்தனை நாள் ட்ரெயினிங் கொடுத்தாங்க?” என்று ஒரு நாள் கேட்டேன். “ட்ரெயினிங்கா? காலையில யூனிஃபார்ம் கொடுத்தாங்க, ராத்திரியே டூட்டி போட்டாங்க தம்பி” என்றார். அதற்கு முந்தின வாரம்தான் பார்க்கிங் தகராறில் ஒருவர் அவருடைய சட்டையைப் பிடித்திருந்தார். முறையான பயிற்சி தனக்கு வர வேண்டியது என்பதே அவருக்குத் தெரியவில்லை. அன்றுவரை எனக்கும் தெரியாது.

தனியார் பாதுகாப்பு முகமைகள் (ஒழுங்குமுறை) சட்டம் 2005-ல் வந்தது. ஏஜென்சி நடத்த உரிமம் வேண்டும் என்கிறது அதன் 4-வது பிரிவு. காவலர்களுக்குப் பயிற்சி கொடுப்பது ஏஜென்சியின் கடமை என்று 9-வது பிரிவு சொல்கிறது. பயிற்சி முடிக்காதவரைக் காவலராக வேலைக்கு வைக்கக் கூடாது என்பது 10-வது பிரிவு. வயது 18 நிறைந்திருக்க வேண்டும், 65 ஆகியிருக்கக் கூடாது. எவ்வளவு பயிற்சி என்பதை 2006-ல் வந்த மத்திய மாதிரி விதிகள் வரையறுத்தன: வகுப்பறையில் 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம், குறைந்தது 20 வேலை நாட்கள். முன்னாள் ராணுவத்தினருக்கும் முன்னாள் காவல்துறையினருக்கும் இது 40 மணி, 16 மணி என்று குறையும்.

பாடத்திட்டத்தில் தீயணைப்பு, முதலுதவி, அடையாள அட்டையைச் சரிபார்ப்பது எல்லாம் உண்டு. ‘சண்டையைத் தணிப்பது’ என்று தனித் தலைப்பு கிடையாது. ஆனால் பொது இடத்தில் நடந்துகொள்ளும் முறை, கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது, நெருக்கடி நேரத்தில் செயல்படுவது, தற்காப்பு உரிமை, காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதியும் முறை என்று அதற்கான பாடங்கள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைச் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் அதுவேதான் சண்டையைத் தணிக்கும் பயிற்சி.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? காக்கி போலத் தெரிந்தாலும் செக்யூரிட்டிக்குப் போலீஸ் அதிகாரம் துளியும் இல்லை. சட்டத்தின் கண்ணில் அவரும் நம்மைப் போல ஒரு தனிநபர். தன் கண்முன்னே ஜாமீனில் விட முடியாத, போலீஸ் நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்தால், எந்தத் தனிநபரும் செய்தவரைப் பிடித்து வைக்கலாம். ஆனால் 6 மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைத்துவிட வேண்டும். இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-வது பிரிவு இது. வாய்த்தகராறு செய்பவரை அறைக்குள் வைத்துப் பூட்டினால் வழக்கு செக்யூரிட்டி மேல்தான் திரும்பும். தற்காப்புக்குக்கூட தேவைக்கு மேல் அடிக்க உரிமை இல்லை. போலீஸை அழைக்க அவகாசம் இருந்தால் அந்த உரிமையே எழாது. ஆக, கேட்டில் நிற்பவரிடம் உண்மையில் இருப்பது அவருடைய பேச்சு மட்டும்தான்.

அந்தப் பேச்சும் பழகினால்தான் வரும். இரவில் ஒரு கார் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கிறது, ரிஜிஸ்டரில் எழுத மாட்டேன் என்கிறார் ஓட்டுபவர். ஜன்னலுக்கு நேராகப் போய் நின்று “ரூல்ஸ் சார்” என்றால் குரல் ஏறும். ஒரு கை தள்ளி, பக்கவாட்டில், கைகள் தெரியும்படி நிற்க வேண்டும். அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடக் கூடாது. “லேட் ஆயிடுச்சு, புரியுது சார். எந்த வீடுன்னு சொல்லுங்க, நானே இன்டர்காம்ல கேட்டு எழுதிக்கிறேன்” என்றால் எதிராளி தோற்காமல் பின்வாங்க ஒரு வழி கிடைக்கிறது. விரல் நீட்டுவதும் ‘நீ’ என்பதும் கூடவே கூடாது. குடித்திருக்கிறார், கையில் ஏதோ வைத்திருக்கிறார் என்று தெரிந்தால் பேச்சை வளர்க்காமல் விலகி 112-க்கு அழைப்பதுதான் சரி. அப்புறம், நடந்ததை நேரத்தோடு அன்றே ரிஜிஸ்டரில் எழுதிவிட வேண்டும். நாளைக்குப் புகார் வந்தால் அவரைக் காப்பது அந்த நாலு வரிதான்.

பயிற்சி இல்லாமல் ஆளை நிறுத்தும் ஏஜென்சிக்கு 25,000 ரூபாய்வரை அபராதம் உண்டு, உரிமமும் ரத்தாகலாம். உரிமமே இல்லாமல் நடத்தினால் ஓராண்டுவரை சிறையும் வரும். இதைக் கண்காணிக்க ஒவ்வொரு மாநிலத்திலும் கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவர் உண்டு. புகார் அவருக்குத்தான் போக வேண்டும். குடியிருப்போர் சங்கம் ஏஜென்சி இல்லாமல் நேரடியாக வைத்துக்கொள்ளும் வாட்ச்மேனுக்கு இந்தப் பாதுகாப்பு எட்டுவதில்லை. அது பெரிய ஓட்டை, அங்கே பயிற்சிச் செலவைச் சங்கம்தான் ஏற்க வேண்டும் என்பது என் கருத்து.

எங்கள் சங்கக் கூட்டத்தில் ஏஜென்சியிடம் இரண்டு தாள்கள் கேட்டோம்: உரிமத்தின் நகல், ஒவ்வொரு காவலரின் பயிற்சிச் சான்றிதழ். முதல் தாள் மறுநாளே வந்தது. இரண்டாவது வரும்வரை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில்லை என்று தீர்மானம் எழுதி, அண்ணனிடமும் ஒரு நகல் கொடுத்திருக்கிறோம்.