பழைய நம்பரா, புது நம்பரா?

ராத்திரி இரண்டு மணிக்கு மேல் ஒரு கேஸ். திருவல்லிக்கேணி. ஆண், வயது 58, நெஞ்சு வலி, வீட்டு எண் 14 என்று கட்டுப்பாட்டு அறையிலிருந்து தகவல் வந்தது. அந்த நேரத்தில் சாலை காலியாக இருக்கும். ஆறே நிமிடத்தில் தெருவுக்குள் நுழைந்துவிட்டோம். 14ஆம் எண் வீட்டுக் கதவைத் தட்டினால், தூக்கக் கலக்கத்தோடு ஒரு பாட்டி எட்டிப் பார்த்து, "இங்க யாருக்கும் ஒண்ணும் இல்லையேப்பா, எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்" என்றார். கீழேயிருந்து எங்கள் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் சத்தம் போடுகிறார்: "பழைய 14ஆ, புது 14ஆ?"

அழைத்தவரின் எண்ணுக்குப் போன் போட்டேன். பிஸி. மறுபடியும் போட்டேன். பிஸி. பழைய 14 தெருவின் மறுகோடியில் இருந்தது. ஸ்ட்ரெச்சரைத் தெருவில் நிறுத்திவிட்டு, மருந்துப் பையோடு மாடிப்படி ஏறும்போதே அந்த வீட்டு மகனின் குரல் கேட்டது. அண்ணா நகரில் இருக்கும் சித்தப்பாவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஆம்புலன்ஸ் இன்னும் வரலை சித்தப்பா. எங்க இருக்காங்கன்னே தெரியலை."

சென்னையில் பதினோரு வருடமாக ஆம்புலன்ஸில் இ.எம்.டி.யாக இருக்கிறேன். வண்டியின் பின்பக்கம் நோயாளியோடு இருந்து முதலுதவி செய்பவர் இ.எம்.டி. வண்டி ஓட்டுபவரை நாங்கள் பைலட் என்போம். என் வேலை தெரிந்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "டிராஃபிக்ல எப்படிப் போறீங்க?" டிராஃபிக் கஷ்டம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கிண்டி கத்திப்பாராவையும் கோயம்பேட்டையும் எப்படியாவது தாண்டிவிடுவோம். நான் பார்த்தவரை நிமிடங்கள் அதிகம் தொலைவது கடைசி நூறு மீட்டரில்தான். உங்கள் தெருமுனையிலிருந்து உங்கள் கட்டில் வரைக்கும், அப்புறம் கட்டிலிலிருந்து எங்கள் வண்டி வரைக்கும். அதை யாரும் எழுதுவதில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

சென்னையில் பாதி வீடுகளுக்கு இரண்டு எண். 7/12 என்று எழுதியிருந்தால் எது பழையது, எது புதியது என்று அந்த வீட்டில் இருப்பவருக்கே குழப்பம். அடையாளம் கேட்டால், "பிள்ளையார் கோயில் பக்கத்துலங்க" என்பார்கள். எந்தத் தெருவில் பிள்ளையார் கோயில் இல்லை? காந்தி தெரு, முதல் குறுக்குத் தெரு என்ற பெயர்களெல்லாம் பேட்டைக்குப் பேட்டை இருக்கின்றன. 108க்கு அழைக்கும்போது ஏரியாவின் பெயரையும், மெயின் ரோட்டில் எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்பதையும் முதலில் சொல்லுங்கள். பழைய எண், புதிய எண் இரண்டையும் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் அந்தப் போனைச் சும்மா விடுங்கள், ஏனென்றால் வழி கேட்டு நாங்கள் திரும்ப அழைப்பது அந்த எண்ணுக்குத்தான். சித்தப்பாவுக்கு வேறு போனில் சொல்லிக்கொள்ளலாம். வீட்டில் சும்மா நிற்கும் ஓர் ஆளைத் தெருமுனைக்கு அனுப்புங்கள். ராத்திரி என்றால் செல்போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள். தெருமுனையில் அசையும் அந்தச் சின்ன வெளிச்சத்தைப் பார்த்தாலே எங்களுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

அடுத்தது அப்பார்ட்மென்ட் கேட். பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் ஒரு பெரிய குடியிருப்பு. சைரனோடு போய் நிற்கிறோம், செக்யூரிட்டி அண்ணன் நோட்டை நீட்டுகிறார். பெயர், பிளாட் எண், வந்த நேரம், கையெழுத்து. "எமர்ஜென்சிங்கண்ணா" என்றால், "தெரியுது சார், போடலைன்னா செக்ரட்டரி என்னைத் திட்டுவாரு" என்கிறார். அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. அவருக்கு அப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறார்கள். உங்கள் சங்கக் கூட்டத்தில் ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் நோட்டு கிடையாது என்று ஒரு வரி முடிவு செய்துவிட்டால் போதும். எந்த பிளாக், எந்த லிஃப்ட் என்று ஓடிவந்து காட்டும் முதல் ஆளும் அந்தச் செக்யூரிட்டி அண்ணனாகத்தான் இருப்பார்.

லிஃப்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. பல கட்டடங்களில் ஸ்ட்ரெச்சரை லிஃப்டுக்குள் நீட்டமாக வைக்க முடியாது. பழைய ஹவுசிங் போர்டு வீடுகளில் லிஃப்டே கிடையாது, படி ஒரு ஆள் அகலம்தான். அங்கே நாற்காலியில் உட்காரவைத்தோ, கனமான போர்வையில் படுக்கவைத்தோ இறக்க வேண்டும். வண்டியில் வந்த நாங்கள் இரண்டே பேர், ஆகவே உதவிக்குக் கூப்பிடுவோம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வியாசர்பாடியில் ஒரு மூன்றாவது மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "நாலு பேர் வாங்க!" என்று கத்திவிட்டேன். நோயாளியின் மனைவி, "ஐயோ, அப்படிச் சொல்லாதப்பா" என்று தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். அன்றிலிருந்து இன்றுவரை மூன்று பேர் வாங்க என்பேன், இல்லை ஐந்து பேர் வாங்க என்பேன். நாலு மட்டும் வாயில் வராது. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கும் இதை முதல் நாளே சொல்லிக்கொடுக்கிறேன்.

நெஞ்சு வலிக்காரர்கள் செய்யும் ஒரு காரியத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். முதலில் 'வெறும் வாயுதான்' என்று சோடா குடிப்பார்கள், இஞ்சி மெல்லுவார்கள், ஒரு மணி நேரம் போய்விடும். அப்புறம் எங்களைக் கூப்பிடுவார்கள். வண்டிச் சத்தம் கேட்டதும் சட்டையை மாற்றிக்கொண்டு, தானே மூன்று மாடி இறங்கி வருவார்கள். அக்கம்பக்கம் பார்க்க ஸ்ட்ரெச்சரில் போவது கௌரவக் குறைச்சலாம். பெரம்பூரில் ஒருவர் வியர்த்துக் கொட்டக் கொட்ட இறங்கிவந்து, முன்சீட்டில் பைலட் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் நல்லாத்தான் இருக்கேன், போலாம் ரைட்" என்றார். ரத்த ஓட்டம் கிடைக்காமல் தவிக்கும் இதயத்துக்கு ஒவ்வொரு படியும் கூடுதல் சுமை. நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை என்றால் இருந்த இடத்திலேயே சாய்ந்து உட்காருங்கள். தூக்குவதற்குத்தான் நாங்கள் வருகிறோம்.

வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பது இன்னும் நிற்கவில்லை. ஒருமுறை ஆட்டோ சாவி, பீரோ சாவி, பக்கத்துக் கடை ஷட்டர் சாவி மூன்றும் ஒரே கையில் இருந்தன. வலிப்பு பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாகவே அடங்கும். சாவியைப் பிடித்திருக்கும்போது அடங்கியதால் சாவிக்குப் பெயர் வந்துவிட்டது. அதைத் தேடி ஓடும் நேரத்தில் தலைக்கடியில் ஒரு துணியை வைத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் ஆபத்து. வாய்க்குள் எதையும் வைக்காதீர்கள், தண்ணீர்கூட வேண்டாம்.

சர்க்கரை இறங்கி மயங்கியவர்களை எழுப்புவது எனக்குப் பிடித்த வேலை. சஷ்டி விரதம் என்று சாப்பாட்டை விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் போட்டுக்கொள்வார்கள். மயிலாப்பூரில் ஒரு பெரியவர் அப்படித்தான் கிடந்தார். ரத்தச் சர்க்கரை 38. எழுபதுக்குக் கீழே போனாலே குறைவு என்போம். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே வீட்டில் வாயில் காபியை ஊற்ற முயன்றிருக்கிறார்கள். அது நுரையீரலுக்குப் போனால் வேறு வினை. மருத்துவரிடம் போனில் கேட்டுக்கொண்டு நரம்பில் டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசலை ஏற்றினேன். சில நிமிடம் கழித்துக் கண் திறந்தார். என்னைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். "யாருப்பா நீ? பூஜை ரூம் வாசல்ல ஷூவோட நிக்கற?" வீடே சிரித்தது, அவர் மனைவி சிரித்துக்கொண்டே அழுதார். இந்த ஷூ விஷயம் எல்லா வீட்டிலும் வரும். கழற்றி மாட்ட நேரமில்லை, உடைந்த கண்ணாடியும் ரத்தமும் மிதிக்கிற கால் அது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பக்கவாதத்தில் நாங்கள் கேட்கும் முக்கியமான கேள்வி: "கடைசியாக இவர் நன்றாக இருந்ததை எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள்?" பல வீடுகளில் பதிலே வராது. மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்தக் கணக்கு தொடங்குவது நீங்கள் சொல்லும் அந்த நேரத்திலிருந்துதான். வாய் கோணுகிறது, ஒரு கை தூக்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது என்றால் 'தூங்கி எழுந்தா சரியாயிடும்' என்று விடாதீர்கள். மணியைச் சுவரில் எழுதிவைத்தாலும் நல்லதே.

சாலையைப் பற்றி இரண்டே விஷயம். எங்களுக்கு வழி விட இடது பக்கம் ஒதுங்குங்கள், சாலை நடுவில் பிரேக் போட்டு நின்றுவிடாதீர்கள். வேண்டுமென்றே வழி விடாதவர்களுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் 10,000 ரூபாய் அபராதம் வரை இடம் உண்டு. எங்கள் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வருகிறவர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். உள்ளே நான் நின்றுகொண்டு ஒருவருக்கு மூச்சு கொடுத்துக்கொண்டிருப்பேன். பைலட் சட்டென்று வேகத்தைக் குறைத்தால் உங்கள் பைக் எங்கள் பின்கதவில்தான் வந்து நிற்கும்.

விபத்தில் கிடப்பவரைத் தொட்டால் போலீஸ், கேஸ் என்று அலைய வேண்டும் என்ற பயம் இன்னும் போகவில்லை. 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் 134ஏ என்ற பிரிவாகவே வந்துவிட்டது. நல்லெண்ணத்தோடு உதவுகிறவரைப் பொறுப்பாளியாக்க முடியாது, பெயர் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது. சாலை விபத்தென்றால் தமிழக அரசின் இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரத்துக்கு இலவச சிகிச்சையும் உண்டு. தயங்காமல் குனிந்து பாருங்கள்.

ஆடி மாதத்தில் கூழ் ஊற்றும் பந்தல் தெருவையே அடைத்திருக்கும். அதை நினைத்து முன்பெல்லாம் எரிச்சல் வரும். ஒருமுறை புளியந்தோப்பில் அப்படி மாட்டிக்கொண்டோம். பந்தல் போட்ட பையன்களே மைக்கை நிறுத்தி, ஸ்பீக்கர் பெட்டியைத் தள்ளிவைத்து, கர்ப்பிணிப் பெண்ணை ஸ்ட்ரெச்சரோடு தூக்கி வந்து வண்டியில் ஏற்றினார்கள். ஒரு பையன் கையில் கூழ் கரண்டி அப்படியே இருந்தது.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். மூச்சுத்திணறல். முதல் தடவை போனபோது அசந்துவிட்டேன். வாசலில் லைட் எரிகிறது, கதவு தாழ் போடாமல் இருக்கிறது, நிலைக்குப் பக்கத்து ஆணியில் ஒரு மஞ்சப்பை. அதில் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள், கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி, ஈசிஜி, காப்பீட்டு அட்டை, மகளின் போன் எண் எழுதிய காலண்டர் தாள், மூக்குக் கண்ணாடி. மற்ற வீடுகளில் பீரோ சாவியைத் தேடும் நேரத்தில் இங்கே வண்டியே கிளம்பிவிட்டது. ஆக்சிஜன் மாஸ்கை மாட்டும்போது அதை ஒதுக்கிவிட்டு, "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டார். பையின் அடியில் நாலாக மடித்த இருபது ரூபாய் இருந்தது. டீ குடிக்கச் சொல்லி எங்களுக்காக வைத்தாராம். சேவை இலவசம், வாங்கக் கூடாது பாட்டி என்று பைலட் அதை மாத்திரை அட்டைகளுக்கு அடியிலேயே திரும்ப வைத்தார். மூன்று மாதம் கழித்து மறுபடி அதே வீட்டுக்குப் போனோம். அதே ஆணி, அதே பை. மாத்திரை அட்டைகள் மட்டும் புதிது. அடியில் இப்போது இரண்டு இருபது ரூபாய்த் தாள் இருந்தன.