முன்னுரை வேண்டாம், முடிவுரையும் வேண்டாம்: வெளிநாட்டுக் கல்லூரி விண்ணப்பக் கட்டுரை

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் குறிப்புச் சட்டகம் போட்டு, முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை என்று எழுதி, நடுவே ஒரு குறளையும் செருகினால் நல்ல மதிப்பெண் கிடைக்கும். அந்தப் பழக்கம் கையை விட்டு லேசில் போவதில்லை. மதுரை, மேலூர், திருமங்கலம் பக்கமிருந்து வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் முதல் வரைவு பெரும்பாலும் அதே அச்சில்தான் வருகிறது. அப்துல் கலாம் சொன்ன கனவு, ‘சிறு வயது முதலே’, பெற்றோருக்கு நன்றி, கடைசியில் நாட்டுக்குச் சேவை. தப்பாக ஒன்றுமில்லை. ஆனால் பெயரை அழித்துவிட்டு அடுத்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் பெயரைப் போட்டாலும் அந்தக் கட்டுரை அப்படியே பொருந்தும்.

அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில் முதன்மைக் கட்டுரைக்கு 250 முதல் 650 சொற்கள். முன்னுரைக்கு 120, முடிவுரைக்கு 100 என்று கொடுத்தால் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. மிச்சத்தில் உங்களைப் பற்றி என்ன சொல்ல முடியும்?

பொருளாதாரம் படிக்க ஆசைப்படும் ஒரு மாணவியின் வீட்டில் பூ வியாபாரம் என்று வைத்துக்கொள்வோம். ‘மதுரை மல்லி உலகப் புகழ் பெற்றது, 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது’ என்று தொடங்கினால் அது யாரும் தேடி எடுக்கக்கூடிய தகவல். மாட்டுத்தாவணி பூச்சந்தைக்கு அப்பாவோடு போய் வருபவளுக்குத் தெரிந்தது வேறு. மார்கழிப் பனியில் வரத்து குறைந்து விலை ஏறும். முகூர்த்தத்துக்கு முதல் நாள் எகிறும், முகூர்த்தம் முடிந்ததும் இறங்கும். மொட்டு விரிந்துவிட்டால் மதிப்பு போய்விடும் என்பதால் விலை ஏறட்டும் என்று பூவைப் பூட்டி வைக்கவும் முடியாது. அப்படியானால் அப்பா எந்த நேரத்தில் விலையை இறக்குகிறார், எதைப் பார்த்து? அவரிடமே கேட்டு, மூன்று மாத விலையை நோட்டில் குறித்து, தன் ஊகம் எந்த நாளில் தப்பியது, ஏன் தப்பியது என்று எழுதினால் கட்டுரை நிமிர்ந்து நிற்கும். சந்தைக் காட்சிக்கு 150 சொற்கள் போதும். மீதி அவள் யோசித்த விதத்துக்கு. கல்லூரியில் கட்டுரையைப் படிப்பவர் பூவைப் பற்றித் தெரிந்துகொள்ள உட்காரவில்லை.

கஷ்டத்தை எழுதலாமா என்று பெற்றோர் கேட்பார்கள். எழுதலாம். ஆனால் கஷ்டம் மட்டுமே 650 சொற்களை நிறைத்தால் பிள்ளை அதில் காணாமல் போய்விடும். உடல்நலம், குடும்பச் சூழல், மதிப்பெண் சரிந்த காரணம் ஆகியவற்றுக்கு விண்ணப்பத்திலேயே தனி இடம் உண்டு. அங்கே நாலு வரியில் நேராகச் சொல்லிவிடுவது நல்லது.

இதே கட்டுரையைப் பிரிட்டனுக்கும் அனுப்பலாம் என்று நினைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான யூகாஸ் விண்ணப்பத்தில் 2026 சேர்க்கையிலிருந்து ஒரே நீளக் கட்டுரை இல்லை, மூன்று கேள்விகள். ஏன் இந்தப் படிப்பு, உங்கள் கல்வி அதற்கு எப்படித் தயார்படுத்தியது, வகுப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள். மூன்றுக்கும் சேர்த்து 4,000 எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. இடைவெளியும் கணக்கில் சேரும். இங்கே பாடம்தான் பிரதானம். பூச்சந்தைக்கு இரண்டு வரி, அதன் பிறகு கேட்பு நெகிழ்ச்சி (விலை மாறினால் வாங்கும் அளவு எவ்வளவு மாறும் என்பது) பற்றி என்ன படித்தாள், சந்தையில் அது எங்கே பொருந்தவில்லை என்பது.

ஆங்கிலத்தில் உட்கார்ந்ததும் கை ஓடவில்லை என்றால், அக்காவிடமோ நண்பரிடமோ தமிழில் பேசி அதைப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். சரளமாகச் சொன்ன இடங்கள்தான் கட்டுரை. காசுக்கு எழுதித் தரும் ஏஜென்சிகள் ஒரே வார்ப்பைப் பலருக்கும் விற்பதுண்டு. யூகாஸ் எல்லா விண்ணப்பங்களையும் மென்பொருளில் ஒப்பிட்டுப் பார்க்கிறது, மாட்டினால் நீங்கள் விண்ணப்பித்த பல்கலைக்கழகங்களுக்கே தகவல் போகும்.

எப்போது எழுதுவது? அமெரிக்காவில் வழக்கமான சுற்றுக்கு முன்பே விண்ணப்பிக்கும் முன்கூட்டிய சுற்றுக்குப் பல கல்லூரிகளில் நவம்பர் 1 கடைசி நாள். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜுக்கு அக்டோபர் 15. காலாண்டுத் தேர்வு செப்டம்பரில் வந்து குறுக்கே நிற்கும். ஆகவே பதினொன்றாம் வகுப்பு முடிந்த மே விடுமுறைதான் சரியான நேரம். பரிந்துரைக் கடிதத்துக்கு ஜூனிலேயே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள், அவர் பாடத்தில் நீங்கள் செய்தவற்றை ஒரு பக்கத்தில் எழுதிக் கையில் கொடுங்கள். இல்லாவிட்டால் ‘நல்ல ஒழுக்கமுள்ள மாணவி’ என்று நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரி ஒன்றுதான் வந்து சேரும்.

இன்னொன்று, இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் ஓரெழுத்தாக இருப்பது பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயராக விரிந்திருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே வெளிநாட்டுப் படிப்புக்கான தேர்வுப் பதிவு, விண்ணப்பம் இரண்டையும் நிரப்புங்கள். பள்ளியில் தலைமையாசிரியரிடம், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று முத்திரையோடு ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.