முதல் ஒரு அடி மண்

வாழப்பாடிப் பக்கம் ஒரு விவசாயி என்னை அழைத்துப் போய்த் தன் காட்டை, அதாவது மேட்டு நிலத்தை, காட்டினார். கிராவல் எடுக்கக் குத்தகைக்குக் கொடுத்திருந்த மூன்று ஏக்கர். குத்தகை முடிந்து, குழியை மட்டப்படுத்தியும் கொடுத்துவிட்டார்கள். ஆனால் இரண்டு போகம் நிலக்கடலை போட்டும் செடி ஒரு சாணுக்கு மேல் எழும்பவில்லை. "உரம் போதவில்லையா சார்?" என்று கேட்டார்.

குனிந்து ஒரு கை மண்ணை அள்ளினேன். மஞ்சளும் வெளுப்புமாகப் பொடிக்கல். தண்ணீர் விட்டு உருட்டிப் பார்த்தேன், உருண்டை பிடிக்கவில்லை. ஒரு வேர்த் துணுக்குகூட இல்லை. அவருடைய மேல்மண், வேலை தொடங்கிய முதல் வாரத்திலேயே டிப்பரில் ஏறி எங்கோ வீட்டுமனை நிரப்பப் போய்விட்டது. எந்த உரம் போட்டு அதைத் திரும்ப வாங்குவது?

சேலம் வட்டாரத்தில் சுரங்கத் திட்டம் தயாரித்துக் கொடுப்பது என் தொழில். வீடும் சாலையும் கிராவல் இல்லாமல் எழாது. எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எடுக்கும் வரிசையைத்தான் சொல்கிறேன்: முதலில் மேல்மண்ணை வழித்து ஓரமாகக் குவித்து வையுங்கள், கிராவல் எடுத்து முடித்ததும் அதையே திரும்பப் பரப்புங்கள்.

சேர்வராயன் மலை சார்னோக்கைட் பாறையால் ஆனது. அந்தப் பாறை சிதைந்த கிராவலும், மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் கொண்டுவந்த மணலும் அடிவாரக் காடுகளின் அடியில் கிடக்கின்றன. அவற்றுக்கு மேலே அரை அடியோ ஒரு அடியோதான் செம்மண். மக்கிய சருகும் நுண்ணுயிரும் விதையும் குடியிருப்பது அதில்தான். இயற்கை அதை ஒரு அங்குலம் கட்டிச் சேர்க்கப் பல நூறு ஆண்டுகள் ஆகும்.

கணக்கு எளிது. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. ஒரு அடி ஆழத்துக்கு வழித்தால் ஏறக்குறைய 435 யூனிட் மண் (ஒரு யூனிட் என்பது 100 கன அடி). அதை ஐந்து அடி உயரத்துக்கு மேல் குவிக்கக் கூடாது. குவித்தால் அடியில் காற்றுப் போகாமல் நுண்ணுயிர் செத்துவிடும். சரிவையும் சேர்த்தால் குவியலுக்கு மட்டும் 25 சென்ட் வரை இடம் வேண்டும். இந்த இடத்தை வரைபடத்தில் முதலிலேயே ஒதுக்காவிட்டால், "வைக்க இடமில்லை" என்று சொல்லியே மண்ணை விற்றுவிடுவார்கள். இதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

இதைவிட நல்ல வழி, காட்டைப் பட்டைகளாகப் பிரிப்பது. முதல் பட்டையின் மேல்மண் மட்டும் ஓரமாகக் காத்திருக்கும். இரண்டாம் பட்டையில் வழிக்கும் மண், தோண்டி முடித்த முதல் பட்டைக்கு நேராகப் போய்விடும். கடைசிப் பட்டைக்கு அந்த ஓரக் குவியல். மண் அதிக நாள் காத்திருக்காது. உயிரோடு போய்ச் சேரும்.

மண்ணை ஈரத்தில் வழிக்காதீர்கள், பிசைந்த மாவாகி இறுகிவிடும். சித்திரையில் முடிப்பது நல்லது. மேல்மண்ணையும் அதற்குக் கீழுள்ள அடிமண்ணையும் தனித்தனியாக வையுங்கள். குவியல் மழைக்காலத்தையும் தாண்டி நிற்குமானால் சணப்போ கொழுஞ்சியோ போன்ற பசுந்தாள் பயிர் விதையுங்கள். திரும்பப் போடுமுன் குழித்தரையை உளிக்கலப்பையால் பிளக்க வேண்டும். டிப்பர் ஓடி ஓடிக் கல்லாகியிருக்கும் தரையின்மேல் மண்ணைக் கொட்டினால் வேரும் இறங்காது, மழைநீரும் இறங்காது. தோண்டும் ஆழம், கிணற்றில் மழைக்காலத்தில் ஏறும் நீர்மட்டத்துக்கு மேலேயே நிற்கட்டும்.

ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த குத்தகைக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் சொல்லிவிட்டது. ஆகவே குத்தகைக்கான சுரங்கத் திட்டத்தில் மேல்மண்ணுக்கு ஒரு பத்தி எப்படியும் இருக்கும். நில உரிமையாளர்கள் பெரும்பாலும் அந்தக் காகிதத்தைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. அதுதான் எனக்குப் பெரிய வேதனை. கேட்டு வாங்குங்கள், தமிழில் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். குத்தகைப் பத்திரத்தில் மூன்று வரி சேருங்கள்: மேல்மண் காட்டை விட்டு வெளியே போகக் கூடாது, எத்தனை யூனிட் வழித்தார்களோ அத்தனையும் திரும்பப் பரப்ப வேண்டும், பரப்பி முடிக்கும்வரை கடைசித் தவணைப் பணத்தில் ஒரு பகுதி பிடித்தம்.

கையெழுத்துப் போடுவதற்கு முந்தைய நாள் ஒரு கடப்பாரையோடு காட்டுக்குப் போங்கள். நாலு மூலையிலும் நடுவிலும் முழங்கால் ஆழம் தோண்டி, நிறம் மாறும் இடம் வரை மேல்மண் எவ்வளவு ஆழம் என்று அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.