12 மில்லிமீட்டரில் பாம்பன்: மோட்டார் போகியின் கேஜை மாற்றுவது எப்படி?

பாம்பன் பாலத்தில் 1914-ல் ரயில் ஓடத் தொடங்கியபோது இரு தண்டவாளங்களுக்கு நடுவே இருந்த இடைவெளி 1000 மி.மீ. 2007-ல் அது 1676 மி.மீ. ஆனது. மீட்டர் கேஜ் போய் அகலப்பாதை வந்தது. அந்தப் பழைய பாம்பனை மாதிரி ரயிலாக மேசைமேல் கொண்டுவர நினைப்பவருக்கு வேலை தலைகீழ்: கடையில் எளிதாகக் கிடைக்கும் மோட்டார் போகி அகலமானது, அவருக்கு வேண்டியதோ ஒடுக்கமானது.

மோட்டார் போகி என்பது சின்ன மோட்டார், பல்சக்கரங்கள், இரண்டு அச்சு, நான்கு சக்கரம் எல்லாம் ஒரே கூட்டுக்குள் அடங்கிய தயார்நிலை ஓட்டுபொறி. வண்டியின் கூடு எதுவானாலும், அடியில் இதை மாட்டி 12 வோல்ட் டி.சி. கொடுத்தால் ஓடும். இவற்றில் பெரும்பாலானவை எச்.ஓ. எனப்படும் 1:87 மாதிரி ரயில்களின் பாதைக்காக, அதாவது 16.5 மி.மீ. கேஜில் வருகின்றன.

முதலில் அளவுக் கணக்கு. 1:87 அளவில், அதாவது அசலில் 87-ல் ஒரு பங்காக, மீட்டர் கேஜ் 11.5 மி.மீ. வரும். இதற்கு 12 மி.மீ. பாதை போடுவதுதான் வழக்கம். திருப்பிப் பெருக்கினால் 1044 மி.மீ.; கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அதே 12 மி.மீ. பாதையில் 1:76 வண்டியை ஓட்டினால் பாதை அசல் கணக்கில் மூன்றடிக்குச் சுருங்கிவிடும், வண்டி பருத்துத் தெரியும். நமது அகலப்பாதைக்கு 1:87-ல் 19.3 மி.மீ. வேண்டும். அந்த அளவில் தயார்ப் பாதை கிடைப்பது அரிது என்பதால் பலரும் 16.5-லேயே ஓட்டிவிடுகிறார்கள். ஓடும், ஆனால் நம் ஊர் ரயில் ஐரோப்பிய ரயில்போலக் கால் ஒடுங்கி நிற்கும். (தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலேறித் தலைமன்னார் போனவர்கள் அங்கே ஏறியது அகலப்பாதை ரயிலில். அந்தக் காலத்துப் படகு மெயிலை இரு கரையோடும் செய்பவருக்கு இரண்டு கேஜும் தேவைப்படும்.)

கேஜ் மாற்றும்போது பலரும் தவறுவது முதல் அளவீட்டிலேயே. கேஜ் என்பது தண்டவாளத்தின் கணக்கு. சக்கரத்துக்கு முக்கியம், ஒரே அச்சில் உள்ள இரு சக்கரங்களின் உள்முகங்களுக்கு இடைப்பட்ட தூரம். இதை உள்ளிடைவெளி என்று வைத்துக்கொள்வோம். 16.5 பாதையில் அது சுமார் 14.4 மி.மீ.; 12 பாதையில் சுமார் 10.2 மி.மீ. ஆகவே ஒவ்வொரு சக்கரமும் 2.1 மி.மீ. உள்ளே வரவேண்டும். அந்த இரண்டு மில்லிமீட்டருக்கு உள்ளே இடம் இருக்கிறதா என்பதுதான் முழுக் கேள்வியும்.

அகலமாக்குவது அச்சு வேலை; ஒடுக்குவது கூட்டு வேலை. 16.5-ஐ 19.3 ஆக்க வேண்டுமானால் நீளமான அச்சு போட்டு, பல்சக்கரத்தை நடுவில் அப்படியே விட்டு, சக்கரங்களை வெளியே தள்ளினால் போதும். உள்ளிடைவெளி 17.2 மி.மீ. வரும். கூட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே விழும் வெற்றிடத்தை வாஷரால் நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் அச்சு பக்கவாட்டில் நழுவிப் பல் பாதி மட்டும் பிடிக்கும், சத்தம் போடும், சீக்கிரம் தேயும். 0.2 முதல் 0.3 மி.மீ. ஆட்டம் இருந்தால் சரி. அச்சுகள் பெரும்பாலும் 2 மி.மீ. எஃகுக் கம்பிகள்தாம். விசைப்படகு எஞ்சின் வேலை பார்க்கும் லேத் பட்டறையில் சொன்னால் துல்லியமாக வெட்டி, முனை மழித்துத் தருவார்கள். துருப்பிடிக்காத எஃகாகக் கேளுங்கள்.

ஒடுக்குவதுதான் சிக்கல். 10.2 மி.மீ. உள்ளிடைவெளி வேண்டுமானால், சக்கரங்களுக்கு நடுவே வரும் கூட்டின் பகுதி 9.2 மி.மீ.-க்கு மேல் இருக்கக் கூடாது. போகியை வாங்குமுன் வெர்னியர் காலிப்பரால் அளக்க வேண்டியது இதைத்தான். கூடு முழுதும் ஒடுங்க வேண்டியதில்லை என்பதையும் கவனியுங்கள். இரு அச்சுகளுக்கு நடுத்தூரம் 26 மி.மீ., சக்கரம் 11 மி.மீ. என்றால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 14 மி.மீ. போல வெற்றிடம் இருக்கிறது. மோட்டாரின் பருத்த பகுதி அங்கே நின்றால் பிரச்சினை இல்லை. சக்கரத்துக்கு நேர் எதிரே உள்ள சுவரைத்தான் அராவ வேண்டும். சுவர் 0.8 மி.மீ.-க்குக் கீழே மெலிந்தால் அச்சுத் துளை நீள்வட்டமாகித் தேய்ந்துவிடும். அதற்கும் மேல் அராவ வேண்டியிருந்தால் அந்தப் போகியை விட்டுவிட்டு வேறு தேடுவதே நல்லது.

சக்கரத்தைக் கழற்ற ஸ்குரூடிரைவரால் நெம்பாதீர்கள். ஒருபக்கம் நெம்பினால் அச்சு வளையும், பிளாஸ்டிக் நடுப்பகுதி விரியும், பிறகு அந்தச் சக்கரம் ஆடிக்கொண்டேதான் ஓடும். சிறிய சக்கர இழுப்பான் போதும். கழற்றியபின் மோட்டாரையும் பல்சக்கரங்களையும் எடுத்துவிட்டுக் கூட்டை மட்டும் அராவுங்கள். தூள் பல்லிடுக்கில் போனால் அரைத்துவிடும். சக்கரங்களை வைஸின் இரு தாடைகளுக்கு நடுவே நேராக வைத்து மெல்ல அழுத்திப் பொருத்தலாம். நடுவே 10.2 மி.மீ. அகலத்துக்கு ஒரு பித்தளைத் துண்டை அடைகொடுத்தால் அளவு தானாக நிற்கும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் 2.1 மி.மீ. அச்சு நுனியை வெட்டும்போது சக்கரத்தின் மேல் ஈரப்பஞ்சு சுற்றுங்கள், இல்லையென்றால் சூட்டில் பிளாஸ்டிக் உருகி எல்லாம் வீண்.

பொருத்தியபின் சக்கரத்தைச் சுழற்றி மூன்று இடங்களில் உள்ளிடைவெளியை அளந்து பாருங்கள். வித்தியாசம் 0.1 மி.மீ.-க்குள் இருக்க வேண்டும். இன்னொன்று: சக்கரம் தண்டவாளத்தைவிட்டு விலகாமல் உள்பக்கம் பிடிக்கும் விளிம்பு, எச்.ஓ. சக்கரத்தில் ஏறத்தாழ 0.76 மி.மீ. தடிமன். 10.2-உடன் இரு விளிம்பையும் சேர்த்தால் 11.7, 12 மி.மீ. பாதையில் மிஞ்சும் ஆட்டம் 0.3 மி.மீ. கூட இல்லை. நேர்பாதையில் ஓடும், கூர்மையான வளைவில் இறுகி நிற்கும். 12 மி.மீ. பாதைக்கென்றே வரும், விளிம்பு மெலிந்த டி.டி. சக்கரங்களை மாட்டினால் இந்தத் தொல்லை தீரும். உள்ளிடைவெளியை 9.9-க்கு இறக்கித் தப்பிக்கலாம் என்றால், பாதை பிரியும் இடத்தில் உள்பக்கம் போட்டிருக்கும் காவல் தண்டவாளத்தில் சக்கரம் ஏறித் தடம்புரளும்.

மின்சாரத்தை மறக்க வேண்டாம். சில போகிகளில் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் காப்பிடப்பட்டிருக்கும். கழற்றிய சக்கரத்தை இடம் மாற்றிப் போட்டால் அச்சு வழியே நேரடி ஷார்ட். மீண்டும் பொருத்தியதும் மல்டிமீட்டரால் இரு சக்கரத்துக்கும் நடுவே பாருங்கள், தொடர்பு இருக்கக் கூடாது. அச்சே பாதி பாதியாகப் பிரிந்து நடுவில் பிளாஸ்டிக் குழல் வைத்த வகையானால் வெட்டும் வேலையே வேண்டாம். குழலை மாற்றித்தான் ஒடுக்க முடியும். சக்கரத்தில் உரசி மின்சாரம் எடுக்கும் பித்தளைத் தகடுகளும் 2.1 மி.மீ. உள்ளே வளைய வேண்டும். அழுத்தம் கூடினால் அதுவே பிரேக் ஆகிவிடும்.

அடுத்தது வேகம். மீட்டர் கேஜில் ஓடிய ஒய்.டி.எம்.4 டீசல் எஞ்சினின் சக்கரம் 965 மி.மீ.; 1:87-ல் 11.1 மி.மீ. மோட்டார் 12 வோல்ட்டில் நிமிடத்துக்கு 12,000 சுற்று, பல்விகிதம் 12:1 (மோட்டார் 12 சுற்றுக்குச் சக்கரம் ஒரு சுற்று) என்றால் வண்டி மணிக்கு 182 கி.மீ.-க்கு இணையாகப் பறக்கும். பாம்பன் பாலத்தில் 15 கி.மீ. வேகத்தில் ஊர வைக்க வேண்டுமானால் சக்கரம் நிமிடத்துக்கு 82 சுற்று சுற்றினால் போதும். 12:1-ல் மோட்டார் ஆயிரம் சுற்றுக்குக் கீழே இறங்கி விக்கி விக்கி ஓடும். 30:1-ல் அதே வேகத்துக்கு மோட்டார் 2,470 சுற்று, நிதானமாகப் போகும். உச்ச வேகமும் 73 கி.மீ.-யில் நின்றுவிடும். பால மாதிரிக்கு 30:1-தான் சரி. ஒய்.டி.எம்.4-க்குப் போகி ஒன்றுக்கு மூன்று அச்சு. நடு அச்சைப் போலியாக மாட்டி, மேலும் கீழும் அரை மில்லிமீட்டர் அசைய விடுங்கள். அழுந்தி நின்றால் ஓட்டும் சக்கரங்களைத் தண்டவாளத்திலிருந்து தூக்கிவிடும்.

12 மி.மீ. காலில் 30 மி.மீ. அகல உடம்பு நிற்பதால் கனம் கீழே இருக்க வேண்டும். மண்டபத்திலும் ராமேசுவரத்திலும் வலைக்கடைகளில் கிடைக்கும் ஈயக்குண்டைச் சுத்தியலால் தட்டித் தகடாக்கி, தரையோடு எப்பாக்ஸியால் ஒட்டலாம். மர வேலைக்கான வெள்ளைப் பசையால் ஒட்ட வேண்டாம். ஈயம் அதனோடு வினைபுரிந்து, மாதக்கணக்கில் மெல்ல ஊதிக் கூட்டையே பிளக்கும். ஈயத்தைத் தொட்ட கையைச் சாப்பிடுமுன் கழுவுங்கள்.

கடற்கரை வீட்டில் உப்புக்காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். எஃகுத் தண்டவாளம் வாடைக்காலம் ஒன்றைக்கூடத் தாங்காது. நிக்கல் சில்வர் தண்டவாளமே தேவை; பெயரில்தான் வெள்ளி, உள்ளே இருப்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும். நைலான் பல்சக்கரம் ஈரத்தை உறிஞ்சி லேசாக உப்பும், இறுக்கமாகப் பொருத்தினால் மழைக்காலத்தில் திக்கும். டெல்ரின் என்ற பிளாஸ்டிக் அவ்வளவு ஊதாது. கச்சான் காற்றில் வரும் பொடிமணல் கிரீஸில் ஒட்டினால் அதுவே அரத்தூள். ஆகவே பல்லுக்குப் பிளாஸ்டிக்கைக் கெடுக்காத கிரீஸ் கடுகளவு, அச்சுக்கு எண்ணெய் ஊசிமுனையளவு மட்டும்.

முதல் ஓட்டத்தில் 12 வோல்ட்டை உடனே கொடுக்காதீர்கள். போகியைத் தலைகீழாக வைத்து 3 வோல்ட்டில் கால் மணி நேரம் முன்னும், கால் மணி நேரம் பின்னும் சுழல விடுங்கள். பிறகு உள்ளிடைவெளியை மறுபடி அளந்து பாருங்கள். அச்சில் தளர்வாகப் போன சக்கரம் அதற்குள் நகர்ந்திருக்கும். நகர்ந்திருந்தால் கழற்றி, துளையைத் துடைத்து, ரிட்டெய்னிங் காம்பவுண்ட் (சக்கரத்தை அச்சில் இறுக்கிப் பிடிக்கும் பசை) ஒரு துளி வைத்து மீண்டும் அழுத்துங்கள். அது காய்ந்தபின் காப்பிடாத சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவே மின்தொடர்பு அறுந்திருக்கிறதா என்று இன்னொரு முறை மல்டிமீட்டர் வைக்க வேண்டும்.