ஒரே அகலத்தில் ஓலை வார்க்க ஒரு கருவி

பனையோலைப் பெட்டி கோணிப்போனால் இழைத்த கையைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள். பெரும்பாலும் பிழை அதற்கு முன்னரே, ஓலையை நீளக் கீற்றுகளாக (வார்களாக) வாரும்போது நடந்துவிடுகிறது.

40 வார் கொண்டு இழைக்கும் ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு வாரும் 6 மில்லிமீற்றர் இருக்கவேண்டிய இடத்தில் அரை மில்லிமீற்றர் கூடியும் குறைந்தும் இருந்தால் பெரிய கேடில்லை. கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று ஈடுசெய்து, மொத்தப் பிழை 3 மில்லிமீற்றர் அளவில் நின்றுவிடும். ஆனால் எல்லா வாரும் அடியில் 6, நுனியில் 5 என்று ஒரே பக்கமாக ஒடுங்கினால் ஈடுசெய்ய எதுவுமில்லை. ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட 40 மில்லிமீற்றர் குறுகிவிடும். அடியையும் நுனியையும் மாற்றி மாற்றி வைத்து இழைத்தால் சமாளிக்கலாம். ஒடுங்காமல் வாருவது அதைவிட நல்லது.

ஓலை வாரும் கத்தியான சத்தகம் ஏன் ஒடுங்கலாய் வாருகிறது? ஓலையின் நரம்புகள் நீளவாக்கில் ஓடுகின்றன; அவற்றைக் குறுக்கே பிணைக்கும் பகுதி வலுக் குறைந்தது. கத்தியை இழுக்கும்போது அலகுக்கு முன்னாலேயே ஓலை பிளக்கத் தொடங்கும். அந்தப் பிளவு நரம்பு போகும் வழியே போகும், கை நினைத்த வழியே அல்ல. பழகிய கை அதை உணர்ந்து திருத்திவிடும். பூநகரியிலோ பளையிலோ ஓய்வுநேரத்தில் குட்டான் என்னும் சிறு பெட்டியும் பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியும் இழைக்கத் தொடங்கும் ஒருவருக்கு அந்தக் கை வர நாளாகும். அதுவரை உதவ, ஐந்து அலகுகளை அசையாமல் நிறுத்தி ஓலையை இழுக்கும் கருவியை வீட்டிலேயே செய்யலாம்.

அலகுக்குச் சவர பிளேட் வேண்டாம். அது கூர்தான், ஆனால் 0.1 மில்லிமீற்றர் தடிப்பு. கட்டர் பிளேட் ஏறத்தாழ 0.4. தகடு வளையாமல் நிற்கும் வலு தடிப்பின் மும்மடியாகக் கூடும். நான்கு மடங்கு தடிப்பு என்றால் 64 மடங்கு விறைப்பு. நரம்பு பக்கவாட்டில் தள்ளும்போது சவர பிளேட் விலகும், கட்டர் பிளேட் நிற்கும். இந்த வேலைக்குக் கூர்மையைவிட விறைப்பே முக்கியம்.

ஐந்து பிளேட்டையும் துளையுள்ள வால் பக்கத்தில் 40 மில்லிமீற்றர் மிஞ்சும்படி முறியுங்கள். இடையிடையே 6 மில்லிமீற்றர் தடிப்புள்ள அக்ரிலிக் துண்டு, இரு வெளிப்பக்கமும் அதே துண்டு. வால் துளைகளினூடாக 50 மில்லிமீற்றர் நீள ஆணி ஒன்று. பிளேட்டின் முதுகை ஒட்டி இன்னொன்று. இழுப்பின் விசை முதுகை இந்த இரண்டாவது ஆணியோடு அழுத்துவதால் அலகு திரும்பாது. முனை 5 மில்லிமீற்றர் மட்டும் வெளியே தெரியட்டும். 10 விட்டால் அதே விசைக்கு எட்டு மடங்கு வளையும்.

அடிப்பலகைக்குப் பாலை அல்லது முதிரை மரம், 200 × 60 மில்லிமீற்றர். அலகுத் தொகுதியைப் பிணைச்சலில் பூட்டினால் தூக்கி ஓலையை வைத்து இறக்கலாம். வெட்டும் விளிம்பு ஓலை வரும் பக்கம் பார்க்க வேண்டும். அலகின் மேற்பகுதியும் அந்தப் பக்கமே சரிய வேண்டும், பலகைக்கு 60 பாகை அளவில். அப்போது அலகு ஓலையைக் கீழே அழுத்தும். மறுபக்கம் சரித்தால் ஓலை அலகில் ஏறிச் சுருளும். பிணைச்சலில் பூட்டுமுன், ஓலை வைக்காமல், அலகுகளைப் பலகையில் சில தடவை இழுத்து 1 மில்லிமீற்றர் ஆழக் கோடு போடுங்கள். இல்லையேல் கீழ்த்தோல் அறுபடாமல் வார்கள் ஒட்டிக்கொண்டே வரும். அலகுக்குச் சற்று முன்னால் பழைய றப்பர் செருப்புத் துண்டொன்றை ஒட்டினால் ஓலை தட்டையாக, இழுவிசையோடு வரும்.

ஓலையின் விளிம்பு அணைந்து வர, பலகையில் பொருத்தும் வழிகாட்டும் சட்டத்தை எந்தப் பக்கம் வைப்பது என்பதில்தான் அதிகம் கவனம் வேண்டும். ஈர்க்கை நீக்கியபின் ஓலைக்கு இரண்டு விளிம்பு: ஈர்க்குப் பக்கம் நேர், வெளிப்பக்கம் நுனி நோக்கி ஒடுங்கும். சட்டத்தோடு அணைய வேண்டியது ஈர்க்குப் பக்கம். நரம்புகள் அதற்கு இணையாக ஓடுவதால் அலகு நரம்புகளுக்கு இடையில் போகும். வெளிவிளிம்பை அணைத்தால் அலகு நரம்பைச் சாய்வாக அறுக்கும். வாரின் ஓரம் சிலும்பி, இழைக்கும்போது அந்த இடத்தில் அறும். அடிப்பக்கத்தை முதலில் கொடுத்து இழுங்கள். ஓரத்தில் மிஞ்சும் ஒடுங்கல் துண்டு கழிவு.

ஈரப்பதமும் அகலத்தை மாற்றும். ஓலை நனைந்தால் குறுக்கே ஊதும், நீளத்தில் அநேகமாக மாறாது. தோய்ந்த ஓலையை வார்ந்து இழைத்தால் காய்ந்தபின் வார்களுக்கிடையில் வெளிச்சம் தெரியும். காய்ந்த குருத்தோலைக்குத் தண்ணீர் தெளித்து, ஈரச்சாக்கில் ஓர் இரவு சுற்றி வைப்பது போதும். சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கையில் இருக்கும்போதே ஓலை உலர்ந்து வெடிக்கும், அதனால் ஐந்தாறு ஓலையாக வெளியே எடுங்கள். மாரியில் இரண்டு நாள் சாக்கில் விட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

பனையோலையில் சிலிக்கா மணிகள் உண்டு. எஃகின் கூர்மையை அவை விரைவில் தின்றுவிடும். வாரின் ஓரம் சிலும்பத் தொடங்கினால் ஐந்து பிளேட்டையும் ஒன்றாக மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் புதியது எளிதாய் அறுக்க, மழுங்கியவை இழுத்துப் பிடிக்க, ஓலை சட்டத்தை விட்டு ஒரு பக்கமாய்த் திரும்பும்.