களிமண் குழியில் காடு வளருமா?

"களிமண் வெட்டி முடித்த இடத்தில் நாலு மரம் நட்டுவிட்டால் போச்சு, இதில் என்ன விஞ்ஞானம்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நடலாம். பிழைக்குமா என்பதுதான் கேள்வி.

இங்கிலாந்தின் கார்ன்வாலில், செயின்ட் ஆஸ்டெல் ஊரைச் சுற்றி, 18ஆம் நூற்றாண்டிலிருந்து பீங்கான் களிமண் எடுக்கிறார்கள். கிரானைட்டில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் சிதைந்து வெள்ளைக் களியாகிப்போன பூமி அது. குழியின் சுவரில் தண்ணீரைப் பீய்ச்சியடித்துக் கரைப்பதுதான் நெடுங்கால வழக்கம். கரைசலில் மணல் சில விநாடிகளில் அடியில் தங்கிவிடும். 2 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு) களித்துகளோ அசையாத நீரில் 10 செ.மீ. இறங்கவே எட்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அந்த வேக வித்தியாசத்தை வைத்தே இரண்டையும் பிரித்து, களியை மட்டும் பிழிந்து உலர்த்திக் காகித ஆலைக்கும் பீங்கான் ஆலைக்கும் அனுப்புகிறார்கள்.

சரி, மிச்சம்? ஒரு டன் களிமண்ணுக்குச் சுமார் 9 டன் கழிவு. அதில் அதிகம் இருப்பது குவார்ட்ஸ் மணல். அது குன்று குன்றாகக் குவிந்து, 'கார்ன்வால் ஆல்ப்ஸ்' என்று கேலிப்பெயரும் வாங்கிவிட்டது.

இந்த மணலில் நைட்ரஜன் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. பொட்டாசியம் போன்றவை பாறை சிதைந்தால் கொஞ்சமாவது கிடைக்கும். நைட்ரஜன் காற்றிலிருந்துதான் வந்தாக வேண்டும். உரம் போட்டால்? மணலில் மழை பெய்ததும் கழுவிக்கொண்டு போய்விடும். அதனால் க்ளோவர், லூபின் போன்ற பயறு வகைச் செடிகளை விதைத்தார்கள்.

எனக்குப் பிடித்த இடம் இதுதான். அந்த வேர்களில் சிறு முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கிள்ளிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பு! நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவுக்காரப் புரதம் ஒன்று அங்கே இருக்கிறது. முடிச்சுக்குள் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியாவின் நொதிதான் காற்றின் நைட்ரஜனை உடைத்து அம்மோனியாவாக்குகிறது. ஆனால் ஆக்சிஜன் பட்டால் அந்த நொதி கெட்டுவிடும். பாக்டீரியா மூச்சுவிடவோ ஆக்சிஜன் வேண்டும். சிவப்புப் புரதம் ஆக்சிஜனைப் பிடித்துவைத்து, அளந்து அளந்து கொடுக்கிறது. செடி வீடும் சர்க்கரையும் தருகிறது, பாக்டீரியா நைட்ரஜனை வாடகையாகக் கட்டுகிறது.

இதற்கும் நிபந்தனை உண்டு. சுண்ணாம்பும் பாஸ்பரஸும் போடாவிட்டால் அமிலத்தன்மை உள்ள அந்த மணலில் க்ளோவர் நிலைக்காது. மரங்களுக்குப் போதுமான நைட்ரஜன் மண்ணில் சேரப் பல ஆண்டுகள் ஆகும். மூன்று வருடத்துக்கு நிதி ஒதுக்கி, நட்ட அன்று போட்டோ எடுத்துக்கொண்டு கணக்கை முடிக்கிற திட்டங்கள்மேல் எனக்கு நம்பிக்கை இல்லாததற்குக் காரணம் இதுதான்.

காத்திருக்க நேரமில்லை என்றால் மண்ணையே தயாரிக்க வேண்டும். அதே பகுதியில், போடெல்வா என்ற கைவிட்ட குழியில் 2001இல் திறந்த ஈடன் ப்ராஜெக்ட் தோட்டத்துக்கு, சுரங்கக் கழிவோடு மட்கிய தாவரக் கழிவைக் கலந்து செயற்கை மண் செய்தார்கள்.

நம்மூர்க் குவாரிக் கழிவில் முயல்பவர்களுக்குக் அதே பயறு வகையில் கொளுஞ்சி, சணப்பு, தக்கைப்பூண்டு எல்லாம் இருக்கின்றன. அந்தந்தப் பயிருக்கான ரைசோபியத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதைக்குப் பூசி, நிழலில் உலர்த்தி விதையுங்கள். அப்புறம் பூக்கும் சமயத்தில் ஒரு செடியைப் பிடுங்கி முடிச்சைக் கிள்ளுங்கள். உள்ளே வெளுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை என்று அர்த்தம்.